தலைகீழாகத் தொங்கிய வெள்ளப் படம்

ரோஷ்பாஸில் பிறந்தவர்களில் பாரீஸ் சலோன் கண்காட்சியின் சுவரில் தன் படம் தொங்குவதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். ஓவியர் ஒனேசிம் கானியே. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடமும் ஒருவர் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் பீங்கான் தட்டில் பூப்போடுகிறவர். அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.

ஒனேசிம் பள்ளிக்கூடம் போன நாட்கள் கொஞ்சம். அதிலும் பாதி நாள், வாத்தியாரின் மூக்கைக் கரித்துண்டால் சுவரில் வரைந்ததற்காக வெளியே நின்றார். அப்பா கற்பலகைச் சுரங்கத்தில் கூரை ஓடு பிளப்பவர். காற்றுக்கு மறைப்பாக ஒரு தட்டியைச் சாய்த்து, கால் இரண்டிலும் கந்தலைச் சுற்றிக்கொண்டு, உளியைக் கல்லின் விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கல் புத்தகம்போல் விரியும். அந்தக் கையில் பிறந்த பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? உடைந்து ஒதுக்கிய பலகைகளில் ஆணியால் கீறிக் கீறி மேஸ்திரியின் முகத்தைக் கொண்டுவந்துவிட்டார். மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்துக் கருவிக் கொட்டகைக் கதவில் அடித்து மாட்டினார். அப்பா பார்த்துவிட்டு மகனை அடித்தார். பிற்காலத்தில் பாரீஸ் பத்திரிகைக்காரர்கள் எழுதியதைப் படித்துக் காட்டினால் ஒனேசிம் சொல்வார்: "எங்கப்பன் அடிச்ச அடிக்கு முன்னால இதெல்லாம் தூசு."

மீசை முளைக்கும் முன்பே விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்தார். ஆற்றுத் துறையோரம் 'பொன் சிங்கம்' விடுதிக்கு அவர் எழுதிய சிங்கம் ஊரில் பேர்போனது. விடுதிக்காரர் ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாராம்.

"என்னடா இது, வயித்துவலி வந்த நாய் மாதிரி இருக்கு?"

"நீங்க சிங்கத்தப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப இதுதான் சிங்கம்."

ஆள் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரியும். வாய்க்கும் கைக்கும் பஞ்சமில்லை.

பாரீசுக்கு நடந்தே போனார். வழியில் வைக்கோற்போரில் தூங்கி, கறுப்பு ரொட்டியைக் குளத்து நீரில் நனைத்துத் தின்று போய்ச் சேர்ந்தார். குதிரை வண்டி செய்யும் பட்டறையில் வண்டிக் கதவுகளில் பிரபுக்களின் குலச்சின்னம் எழுதும் வேலை கிடைத்தது. மாலையில் ஓர் ஓவியரின் பட்டறைக்குப் போய்த் தரையைக் கூட்டி, அடுப்பு மூட்டிக்கொடுத்து, அதற்குக் கூலியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்து ஆள் வரையக் கற்றுக்கொண்டார். யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே தேறினார். நன்றாகப் படித்த வீட்டுப் பிள்ளைகள் அதே பட்டறையில் நாலைந்து வருடம் உட்கார்ந்து பைப் புகைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அங்கேதான் அவர் தாரைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து ஓவியர்கள் நிழலுக்குத் தாரை எண்ணெயில் காய்ச்சிப் பழுப்பு நிறமாகப் பூசுவார்கள். புதிதாகப் பூசிய தார்ப் பழுப்பைப்போல் அழகு வேறு எந்த நிறத்திலும் கிடையாது. காப்பியில் விளக்கு வெளிச்சம் பட்டதுபோல உள்ளுக்குள்ளே மினுங்கும். அதில் ஒரே ஒரு குறை: தார் எந்தக் காலத்திலும் முழுசாகக் காயாது. மேலே தோல் கட்டும், உள்ளே கூழாகவே இருக்கும். எல்லாருக்கும் இது தெரியும், எல்லாரும் பூசினார்கள். மற்றவர்கள் கரண்டியில் எடுத்தால் ஒனேசிம் அகப்பையில் எடுத்தார். "என் இருட்டுக்குள்ள கைய விட்டீங்கன்னா முழங்கை வரைக்கும் போகும்" என்பது அவருடைய பெருமை.

சலோனில் இரண்டு தடவை அவர் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை 'ஓடு பிளப்பவர்கள்' படத்தை எடுத்துக்கொண்டு, கூரையை ஒட்டி, கழுத்துச் சுளுக்கும் உயரத்தில் மாட்டினார்கள். ஒரு பத்திரிகை ஒரே ஒரு வரி எழுதியது: 'இருட்டு நன்றாக வந்திருக்கிறது.' அந்த ஒரு வரியை ஒனேசிம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உயரத்தில் மாட்டியதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "சாமிய எங்க வெப்பாங்க? மேலதான வெப்பாங்க" என்பார்.

லுவார் ஆறு கரையை உடைத்தது அதற்குப் பிறகுதான். ஜூன் மாதம். ரோஷ்பாஸின் தாழ்வான பகுதி முழுக்கத் தண்ணீர். சனங்கள் கூரை ஓட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். படகோட்டி மாத்தூரன் ஓஜே தன் தட்டைப் படகை எடுத்துக்கொண்டு இருட்டிலே போனார். ஒரு விளக்கு, ஒரு நீண்ட கழி, அவ்வளவுதான். போய்ப் போய்ச் சனங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசி நடையில் படகு ஒரு மதிலில் மோதியது. படகிலிருந்த எல்லாரையும் இழுத்துப் போட்டார்கள், மாத்தூரனைத் தவிர. வீட்டில் அவர் மனைவி பிலோமேன் நிறைமாதம். பிறந்த பெண்ணுக்குப் பெரின் என்று பெயர் வைத்தார்கள்.

ஊர்மன்றம் அந்த இரவைப் படமாக எழுதித்தரச் சொல்லி ஒனேசிமுக்குச் சொல்லியனுப்பியது. வேறு யாரிடம் சொல்வார்கள்? மாத்தூரனும் ஒனேசிமும் சின்ன வயதில் பாதிரியாரின் தோட்டத்துப் பேரிக்காயை ஒன்றாகத் திருடியவர்கள். போட்டோ பிடிக்கிற பழக்கமெல்லாம் படகோட்டி வீட்டில் கிடையாது. மனசில் இருந்த முகத்தை வைத்தே ஒனேசிம் எழுதினார். சுவரளவு படம். சுற்றிலும் தார் இருட்டு, நடுவில் படகு, விளக்கைத் தூக்கிப் பிடித்த மாத்தூரனின் முகம். திரையை விலக்கிய நாளில் பிலோமேன் கைக்குழந்தையோடு முன்னால் நின்று பார்த்தாள்.

"வாயத் தொறந்து பேசிடுவாரு போலிருக்கு. மூடுங்க அத" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவள், அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

பெரின் அப்படி இல்லை. ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் ஊர்மன்றத்துக் கூடத்தில் மேயர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தேவாலயத்துக்குப் போகவேண்டும். படம் தொங்கியது அந்தக் கூடத்தில். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெரின் கூட்டத்தோடு உள்ளே புகுந்துவிடுவாள். மாப்பிள்ளை பெண்ணை யார் பார்த்தது? அவள் பார்க்க வந்தது அப்பாவை.

ஆற்றங்கரையில் துணி வெளுத்து வளர்ந்தாள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்த ஒரு நல்ல பையனைப் பிடித்துப்போனது. படகு வேலையை அழித்த ரயிலிலிருந்தே மாப்பிள்ளையா என்று கரையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். "ஆறு எங்கப்பாவ எடுத்துச்சு, ரயில் யாரையும் எடுக்கலியே" என்றாள். வாயை மூடிக்கொண்டார்கள். திராட்சை அறுவடைக்கு முன்னால் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்குள் ஒனேசிம் பாரீஸை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். கரைமேட்டில் சொந்த வீடு. கூரையில் இருந்த ஒவ்வொரு ஓடும் அப்பா வேலை பார்த்த அதே சுரங்கத்துக் கல். ஊர்மன்றப் பக்கம் மட்டும் அவர் போவதில்லை. காரணம் மேயர் பெலாங்ஷே. மாவு மில் முதலாளி. தன்னைப் படம் எழுதித்தரக் கேட்டார். ஒனேசிம், "மாவு மூட்டைய நான் எழுதறதில்ல" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு மத்தியானம். ஒனேசிம் பன்றிக் கொழுப்பில் வதக்கிய இறைச்சியை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தபோது பெரின் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கை இரண்டும் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்தன.

"மாமா, எழுந்து வாங்க."

"சாப்பிடறேன், கண்ணு. உக்காரு. ஒயின் ஊத்தட்டுமா?"

"ஊர்மன்றத்துல கல்யாண அறிவிப்பு ஒட்டக் கொடுக்கப் போனேன். அப்பாவோட கண்ணு கன்னத்துல இருக்கு."

ஒனேசிம் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"கன்னத்துலன்னா?"

"கன்னத்துலன்னா கன்னத்துல. வழிஞ்சு இறங்கியிருக்கு. தாடை விளக்குல போய்ச் சேந்துட்டுது. எனக்கு அந்த ஒரு முகந்தான் இருக்கு, மாமா. வேற எதுவும் இல்ல எங்கிட்ட."

கத்தியைக் கையில் வைத்தபடியே அவர் அவள் பின்னால் போனார். பாதி வழியில்தான் அதைப் பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கூடத்தில் படத்துக்கு நேர் கீழே இரும்பு அடுப்பு ஒன்று குந்திக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் எழுத்தரின் மை உறைந்துபோகிறது என்று மேயர் வாங்கி வைத்தது. புகைபோக்கி அந்தச் சுவரில்தான் இருந்தது. நாலு குளிர்காலம் அந்த அடுப்பு எரிந்த சூட்டில் தார் இளகி, இந்தக் கோடையில் இறங்கியே விட்டது. இருட்டு முழுக்கச் சுருக்கம் விழுந்து முதலைத் தோல் மாதிரி இருந்தது. மாத்தூரனின் இடது கண் இரண்டு விரற்கடை கீழே வந்து, அழுகிறவன் மாதிரி தொங்கியது.

"ஏன்யா எனக்குச் சொல்லல?" என்று காவற்காரர் கோலெனைக் கேட்டார்.

"எனக்குத்தான் பார்வை மங்குதுன்னு நெனச்சேன், ஐயா. கண்ணாடி கூட வாங்கிட்டேன்" என்றார் கோலென். மூக்கில் அந்தக் கண்ணாடி இருந்தது.

மேயர் சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

"பாத்தீரா, கானியே? உம்ம படம் ஒழுகுது."

"என் படம் ஒழுகல. உம்ம அடுப்பு ஒழுக வெச்சுது. ஓவியத்துக்குக் கீழ அடுப்பு வெக்கிற புத்தி மாவு மில்லுலதான் வரும்."

"எங்க வீட்டு அடுப்புக்கு மேல எங்க தாத்தா படம் தொங்குது. அது ஒழுகல. ஏன் தெரியுமா? அத எழுதினவன் பெயிண்டால எழுதினான். நீர் படகுக்கு அடைக்கிற தாரால எழுதியிருக்கீர்."

"அந்த இருட்டப் பத்திப் பாரீஸ் பத்திரிகையில..."

"தெரியும் தெரியும், 'நன்றாக வந்திருக்கிறது.' இப்ப இன்னும் நல்லா வந்திருக்கு, தரை வரைக்கும் வந்துடும். அடுத்த மாசம் துணை ஆட்சியர் வர்றார். இத மச்சில தூக்கிப் போடப் போறேன்."

பெரின் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "மச்சில போடுங்க. நானும் அங்கயே வந்து கல்யாணம் பண்ணிக்கிறேன். நீங்க பட்டையக் கட்டிக்கிட்டு ஏணியில ஏறி வாங்க."

மேயர் வயிற்றின் குறுக்கே கட்டும் மூவர்ணப் பட்டை இருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டார். அவருக்கு ஏணி ஆகாது.

"கண்ணு, நீ கவலப்படாத" என்றார் ஒனேசிம். "அந்த முகத்த எழுதினது இந்தக் கை. திரும்ப எழுதித் தர்றேன்."

வீட்டுக்கு வந்து தாளைப் பரப்பி, கரித்துண்டை எடுத்து மாத்தூரனை வரைந்தார். வந்தது. பார்த்தால் அது படத்தில் இருந்த மாத்தூரன். விளக்கைத் தூக்கின கோணம், சாய்ந்த தலை, அப்படியே. சரி என்று வேறு பக்கமாகத் திருப்பி, சிரிக்கிற மாத்தூரனை வரைந்து பார்த்தார். யாரோ ஒருவன் வந்தான். பேரிக்காய் திருடின பையனை வரைந்து பார்த்தார். அவனும் யாரோ. தாள் தாளாகக் கசக்கி எறிந்தார். அந்த ஆளோடு ஒரே தட்டில் முட்டைக்கோஸ் சூப் குடித்திருக்கிறார், ஒரே போர்வையில் படுத்திருக்கிறார். முகம் வரவில்லை. படத்தை எழுதி முடித்த நாளிலிருந்து அந்தப் படமே ஞாபகத்தில் வந்து குந்திக்கொண்டு, அசல் ஆளை வெளியே தள்ளிவிட்டது.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனார். பிலோமேன் வெளுக்கும் கல்லில் முட்டி போட்டு, மரக்கட்டையால் துணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"பிலோமேன், மாத்தூரன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"காலங்காத்தால குடிச்சிருக்கியா?"

"கேக்கறதச் சொல்லு."

அடிப்பதை நிறுத்தி அவள் தண்ணீரைப் பார்த்தாள். "கண்ணு ரெண்டு, மூக்கு ஒண்ணு. என்னத்தச் சொல்ல, ஒனேசிம்? கண்ண மூடினா நீ எழுதினதுதான் வருது. விளக்கும் கையுமா, புனிதர் சிலை மாதிரி நிக்கிறாரு. எங்கிட்டப் பொய் சொல்லி, எங்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு இருந்த ஆளு வரவே மாட்டேங்கறாரு. அதனாலதான் அந்தக் கூடத்துக்கு நான் வர்றதில்ல. நல்லாத்தான் எழுதின. ரொம்ப நல்லா எழுதிட்ட." மறுபடி துணியை அடிக்க ஆரம்பித்தாள்.

தன் வேலையை நன்றாக இல்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்த ஒனேசிம், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றதைக் கேட்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஆக, மாத்தூரனின் முகம் இந்த உலகத்தில் அந்தத் தாரில் மட்டும்தான் இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு மேலே எழுதினால் எழுதுகிறவனின் கைதான் மிஞ்சும். இருக்கிற முகத்தையே அது இருந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கீழே வந்தது மேலே போக என்ன வழி?

சாயங்காலம் மேயரின் வீட்டுக்குப் போனார். தானாகப் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"படத்தத் தலைகீழா மாட்டணும், மேயரே. அடுப்ப மூட்டணும்."

மேயர் தேக்கரண்டியைக் கீழே வைத்தார். "ஆகஸ்டுலயா?"

"சூட்டுல எறங்கினது சூட்டுலயே ஏறும். தலைகீழா நின்னா அதுக்கு ஏறுறதே எறக்கந்தான்."

"மேசையில படுக்க வெச்சாப் போதாதா?"

"படுக்க வெச்சா நிக்கும். திரும்பி வராது."

"அடுப்புத்தான் குத்தவாளின்னு சொன்னீர்."

"அடுப்புப் பாதி." ஒனேசிம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தாரு பாதி."

பெலாங்ஷே நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக எந்த விஷயத்திலும் பாதியை விட்டுக்கொடுக்காத ஆள். "துணை ஆட்சியரக் கோதுமைக் கொட்டகையில உக்கார வெச்சுக்கறேன்" என்றார். "எனக்கு என்ன கெடைக்கும்?"

"உம்ம எழுதித் தர்றேன்."

"தார் இல்லாம?"

"தார் இல்லாம."

இப்படித்தான் ரோஷ்பாஸ் ஊர்மன்றத்தில் வெள்ளம் தலைகீழானது. ஆற்றுநீர் மேலே, வானம் கீழே, படகில் இருந்தவர்கள் எல்லாம் வௌவால் மாதிரி தொங்கினார்கள். மாத்தூரனின் தலை அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. நாய்கூட நிழல் தேடும் ஆகஸ்டில் கோலென் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விறகு தள்ளினார். ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சந்தைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"கானியே வெள்ளத்த வந்த வழியே திருப்பி அனுப்புறாரு."

"அது படமில்லடா, ஆளு சுடுற அடுப்பு."

அந்த மாதம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பாடு திண்டாட்டம். பீப்பாய் செய்கிறவர் மகள் மேயர் முன்னால் நின்று, 'சம்மதம்' என்று சொல்வதற்கு முன்னால் மயங்கி விழுந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் மயங்கினாள் என்று சொன்னவர்களும் உண்டு.

ஒனேசிம் நாற்காலி போட்டுப் படத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். துணியின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அதிகமானால் கோலெனைக் கதவைத் திறக்கச் சொல்வார். பெரின் துணி கொண்டுபோகும் வழியில் தினமும் வந்து தலையைத் தலைகீழாகச் சாய்த்து நின்று பார்ப்பாள். தாடை விளக்கை விட்டுப் பிரிந்தது. கண் நகர்ந்தது. கோதுமை முளைப்பதைப்போல, பார்க்கும்போது ஒன்றும் இல்லை, மறுநாள் வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும்.

"வந்துடுமா, மாமா?"

"வரும். எப்ப நிறுத்தணுங்கறதுதான் வித்தை. விட்டா நெத்திக்குப் போயிடும்."

கண் கிட்டத்தட்டத் தன் இடத்துக்கு வந்துவிட்ட அன்று, இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று கணக்குப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு 'பொன் சிங்கம்' விடுதிக்குப் போனார். வெண்ணெயில் பொரித்த ஆற்றுமீன், வெள்ளை ஒயின். சுற்றி நாலு பேர் கூடினார்கள். மனிதன் சாதித்ததைச் சொல்லாமல் இருப்பானா? தாரை ஏறவைத்த முதல் ஆள் இந்தப் பிரான்சிலேயே தான்தான் என்று ஆரம்பித்தார். சலோனுக்குப் போனார், அந்தப் பத்திரிகை வரிக்குப் போனார், கூரையோரம் சாமிக்குப் போனார். இன்னொரு குடுவை வந்தது. கோலென் சொன்னதைச் செய்கிற ஆள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அடுப்பு அணையக்கூடாது" என்று ஒனேசிம் சொல்லியிருந்தார். அணையவில்லை.

திரும்பி வாசலுக்கு வந்ததுமே சூடு முகத்தில் அறைந்தது. ஓடினார். வெறுங்கையாலேயே படத்தைச் சட்டத்தோடு பிடித்து இழுத்தார். கோலெனும் சேர்ந்து தூக்கி, நிமிர்த்தி, ஜன்னலோரம் சாய்த்தார்கள்.

தாடை சரியாக இருந்தது. மூக்கு சரி. இடது கண் தன் இடத்தில்தான் இருந்தது. புருவம் மட்டும் கண்ணை விட்டுப் பிரிந்து நெற்றிக்குள் ஏறி வளைந்திருந்தது. அதோடு வாயின் ஒரு ஓரமும் மேலே இழுத்துக்கொண்டது. தூரிகை எடுத்துக் கீழே தள்ளலாமா என்று கையைக் கொண்டுபோனார். தொட்டால் தோல் கிழியும். கையை எடுத்துவிட்டார்.

"தப்பு எம்மேலயா, ஐயா?" என்றார் கோலென்.

"இல்ல. நீ சொன்னதச் செஞ்ச." ஒனேசிம் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் அங்க உக்காந்து என் புகழ நானே பாடிக்கிட்டிருந்தேன்."

பெரின் சாயங்காலம் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த முகம் இது இல்லை. ஆனால் இது வேறு ஆள் என்று சொல்லவும் அவளுக்கு வழியில்லை. அவள்தான் அப்பாவைப் பார்த்ததே இல்லையே.

"இது அவரா, மாமா?"

"தெரியல, கண்ணு."

இப்படி ஒரு பதில் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பெரின் வெளியே போனாள். திரும்பி வரும்போது அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிலோமேன் ஈர ஏப்ரனோடு, "விடுடி, விடுடி, நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து, வாசற்படியில் நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தாள்.

ஒனேசிம் எழுந்து நின்றார். சுட்டுப்போன கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

பிலோமேன் கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே வந்தாள். ஏப்ரன் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தீங்கன்னு கேட்டா இப்படித்தான் மூஞ்சிய வெச்சுக்குவாரு" என்றாள். "புருவத்தத் தூக்கிக்கிட்டு, வாய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. 'மீன் புடிக்கப் போனேன் பிலோமேன்'பாரு. மீன் எங்கன்னு கேட்டா, 'அதுக்கு இன்னிக்கு இஷ்டமில்ல'ம்பாரு." பிறகு படத்தைப் பார்த்தே சொன்னாள்: "வந்தீங்களா, பொய்க்கார மனுஷா."

பெரின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனேசிம்" என்றாள் பிலோமேன், திரும்பாமலே. "இத இனிமே தொடாத."

"தொடல."

"தொட்டா கையை ஒடிப்பேன்."

"ஏற்கெனவே வெந்து போச்சு" என்றார் அவர்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. படம் நேராகத் தொங்கியது. மேயர் பட்டையைக் கட்டிக்கொண்டு சட்டத்தை வாசித்தபோது, மாத்தூரன் அவருக்குப் பின்னாலிருந்து, நம்பாத ஆள் மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பெரின் 'சம்மதம்' சொன்னது மேயரைப் பார்த்து இல்லை. பிலோமேன் அந்தக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேயரின் படத்தை ஒனேசிம் குளிர்காலத்துக்குள் எழுதி முடித்தார். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு சொட்டுத் தார் கிடையாது. படம் தட்டுபோலத் தட்டையாக வந்தது. "பாத்தீரா, இருட்டு இல்லேன்னா இப்படித்தான்" என்றார். மேயருக்கு மகா திருப்தி. ஒழுகவில்லையே.

படத்தை மாட்டிய வாரமே அடுப்பைக் கழற்றிக் கோலெனின் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேறு சுவரில் புகைபோக்கி இல்லை, புதிதாகக் கட்ட மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒனேசிம் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கே அடுப்பு திரும்பி வரவில்லை. தன் கையால் உழைத்து ஒன்றைக் கொண்டுவந்தவனுக்காக ஒரு ஊர் கொஞ்சம் குளிரைத் தாங்கினால் என்ன? டிசம்பரில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் மேல்கோட்டோடும் கையுறையோடும் நிற்கிறார்கள். எழுத்தர் மைக்கூட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுகிறார். வெளியூர் மாப்பிள்ளை யாராவது பல் கிட்டிக்கொண்டு, ஏன் இங்கே ஒரு அடுப்பு இல்லை என்று கேட்டால், பெண் வீட்டார் படத்தைக் காட்டி ஒரே பதில்தான் சொல்கிறார்கள்:

"மாத்தூரனுக்குச் சூடு ஆகாது."